பத்தாவது வரியில் ஓர் அம்புக்குறி

1988 ஆகஸ்ட் 13, சனி

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். கணினி வகுப்பில் நாற்பது வரி நிரல் ஒன்றை அடித்து முடித்தேன். அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரோ, பத்தாவது வரியோடு நிரல் முடிந்துவிட்டதென்று பிழை காட்டியது.

“முடிச்சிட்டன் எண்டு பொய் சொல்றியா புள்ள?” என்றார் பாடம் நடத்தும் சேர்.

“கெட்டிக்காரிட வேலையப் பாருங்க,” என்று பக்கத்து இருக்கை றிஸானா சிரித்தாள்.

“இல்ல சேர், வந்து பாருங்க.” எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.

திரையில் நாற்பது வரியும் இருந்தன. பத்தாவதன் முடிவில் ஒரு சின்ன அம்புக்குறி. ஏதோ அலங்காரம் என்று விட்டிருந்தேன். இரண்டு விசைகள் தவறிச் சேர்ந்து அமுங்கினால் விழும் முடிவுக் குறியாம் அது; சேர்தான் சொன்னார். அதற்குக் கீழே முப்பது வரி இருந்தாலும் கம்பைலர் படிக்காதாம். அழித்ததும் நிரல் ஓடியது. சேர் தலையாட்டினார். பொய் என்றதை மட்டும் திரும்பப் பெறவில்லை. அடுத்த வகுப்பில் அதைத் திரும்பப் பெறச் சொல்லி நானே கேட்டால் என்ன? உம்மா விளக்கை அணைக்க வருகிறார்.