கஞ்சிச்சட்டையின் பொன்மொழி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன், கை வரவில்லை. நீங்கள் இல்லாமல் வீடு வீடாகவா இருக்கிறது? அண்ணன் காலையில் சலவைக்கூடத்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான், சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்காருகிறான். ஏதாவது பேசேன் என்றால், என்னத்தைப் பேச என்கிறான். உங்கள் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? அந்த இரண்டு விரலையும் மடக்க வருகிறதா? தலை வாரிக்கொள்ளக்கூட உங்கள் அம்மா வர வேண்டியிருக்கிறதாமே. கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் சலவைக்கூடத்துச் செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் அம்மா வீட்டுக்குப் போன பிறகு வாசல் பலகையில் பொன்மொழி எழுத ஆள் இல்லை. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, உன் எழுத்தும் உன் அண்ணி எழுத்து மாதிரிதான் இருக்கிறது, இனிமேல் நீ எழுது என்று சாக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நீராவி திறப்பதற்கு முன்னால் மேற்பார்வையாளன் அதை மைக்கில் வாசிக்க வேண்டும், நாம் எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும், சாயங்காலம் வரை யாரும் அழிக்கக் கூடாது என்று அந்த அம்மா போட்ட சட்டத்தைக் கேட்டு எத்தனை நாள் கொட்டாவி விட்டிருப்பேன்! இப்போது அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் வாசிக்க வேண்டியவன் யார்? போட்ட சட்டையில் ஒரு சுருக்கம் விழ விடாத நம் கஞ்சிச்சட்டைதானே. விரல் பட்டால் துணி தேய்க்கிற உருளை நிற்பதற்காக வைத்த தடுப்பை, துணி சுருங்கும்போதெல்லாம் அது பட்டு வேலை நிற்கிறது என்று கம்பியால் இழுத்துக் கட்டினவன். வேண்டாம் சார் என்று நீங்கள் சொன்னதற்கு, வாயைக் குறைத்து வேலையைப் பார் என்றவன். உங்கள் கை உள்ளே போனதும், நீங்கள் கத்தி முடிப்பதற்குள் அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டு, பேச்சுச் சுவாரசியத்தில் கையைக் கொடுத்துவிட்டாள் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதி வைத்தவன்.

முதல் நாள் இப்படி எழுதினேன்: "அடுத்தவர் கையை அடகு வைத்து வேகத்தை வாங்காதே." அவன் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முன்னே பின்னே பார்க்காமல் ஆரம்பித்தான். அடகுக்கு வரும்போது குரல் இறங்கியது. வேகத்துக்கு வரும்போது மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். கூடம் முழுக்க ஒரே குரலில் திருப்பிச் சொன்னோம் அண்ணி! எங்கள் துவைக்கிற பகுதிப் பெண்கள் கடைசி வார்த்தையை எப்படி இழுத்தார்கள் தெரியுமா?

அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டான். பெரியவர்கள் சொன்னது சார் என்றேன். எந்தப் பெரியவர் என்றான். பழைய பெரியவர் என்றேன். வேறு என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு போனான். உங்களுக்கு ஒரு வாய் நல்ல செய்தியாவது அனுப்பலாமே என்றுதான் இதை எழுதினேன். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாசமுள்ள,
நாத்தனார்

~

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இடது கையால் எழுதியது கிடைத்தது. கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று கேலி செய்யத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது. எழுதினதே நாலு வரி, அதில் மூன்று வரி அவனை விட்டுவிடு, பொறுத்துப் போ, மனசு லேசாகும் என்று. நன்றாக இருக்கிறது நியாயம்!

பொன்மொழி அச்சடித்த தேதித்தாள்களைக் கிழித்து நம் சமையலறைச் சுவர் முழுக்க நீங்கள் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, நேற்று அதன் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். எனக்குப் பார்த்த வரன் தட்டிப்போனபோது அதில் ஒன்றைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினீர்கள். அன்றைக்கு அது எனக்கு மருந்தாகத்தான் இருந்தது, நன்றி மறக்கவில்லை. ஆனால் இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே பாட்டுத்தான். பொறு, மற, விட்டுக்கொடு, சிரித்துக்கொண்டே இரு. எல்லாமே அடிபட்டவளுக்குத்தானா? அடித்தவனுக்கு என்று எந்தப் புண்ணியவானும் ஒரு தாள்கூட எழுதவில்லையா? அதனால்தான் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் எழுதினதில் ஒன்று: "பொய்யை எத்தனை தடவை வெளுத்தாலும் கறை வெளுத்தவன் கையில் ஒட்டும்." இன்னொன்று: "ஊர் மறந்தாலும் அவனவன் தலையணை மறக்காது." இப்போதெல்லாம் மைக்கை எடுப்பதற்கு முன்னால் உதட்டை அசைத்து ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்கிறான். மத்தியானம் சாப்பாட்டைத் திறந்து மூடி வைத்துவிடுகிறான். சட்டைகூடக் கசங்கி இருக்கிறது, அவன் சட்டை கசங்கி யாராவது பார்த்திருக்கிறார்களா? எனக்கு வயிறு குளிர்ந்தது. பாவம் என்று நினைக்க முயற்சிகூடச் செய்யவில்லை, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், பதறாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி என்னைத் துவைக்கிற பகுதியிலிருந்து மாற்றிவிட்டான். உங்கள் உருளையில்தான் இப்போது நான் நிற்கிறேன். தடுப்பு ஒழுங்காகத்தான் இருக்கிறது. துணி சுருங்கி உருளை நிற்கும்போதெல்லாம் அவன் வந்து அந்தத் தடுப்பையே பார்த்துவிட்டுப் போகிறான். அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். மற்றபடி நலம்.

இப்படிக்கு,
உங்கள் சொல்பேச்சுக் கேட்காத நாத்தனார்

~

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஆள் மாட்டிக்கொண்டான்!

நேற்றுக் காலையில் நான் போவதற்குள் பலகையில் ஏதோ எழுதியிருந்தது. கஞ்சிச்சட்டையே எழுதியிருக்கிறான். எனக்குப் பதில் சொல்கிறானாம். "கவனம் உள்ள கைக்குத் தடுப்பு எதற்கு?" அதுதான் ஐயாவின் பொன்மொழி. புது மாப்பிள்ளை மாதிரி மைக்கைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி வாசித்தான். நாங்கள் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மறுபடியும் வாசித்தான். ஒரு வாய் திறக்கவில்லை.

அவனுக்கு வந்ததே கோபம்! மைக்கை அணைக்கத் தோன்றவில்லை. என்னடி முறைக்கிறீர்கள், கட்டி வைத்து ஓட்டியபோது வேறு எவளுக்காவது கை போனதா, அவள் ஒருத்திக்குத்தானே போனது என்று கத்தினான். மாடியில் முதலாளியம்மா அறையிலும் ஒரு ஒலிபெருக்கி இருப்பதை மறந்தே போனான். அந்த அம்மா படியிறங்கி வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். எதைக் கட்டி வைத்து என்று கேட்டார்கள். அவன் சட்டைக் கையால் பலகையைத் துடைக்கப் போனான். சாயங்காலம் வரை அழிக்கக் கூடாது என்று அந்த அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். சாக்கட்டித்தூள் அப்பின சட்டையோடு நாள் முழுக்க அதன் கீழேயே நடந்தான். நான் சந்தோஷமாக இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

ஆனால் அவன் லேசுப்பட்டவன் இல்லை அண்ணி. சாயங்காலத்துக்குள் கதையை மாற்றிவிட்டான். முன்பு வேலை பார்த்த இடத்தைப் பற்றித்தான் சொன்னேன், இங்கே ஒரு நாளும் கட்டவில்லை என்கிறான். வியாழக்கிழமை விபத்தை விசாரிக்கத் தொழிலாளர் அதிகாரி வருகிறார். அவன் கட்டினதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். எதிர்ப்பக்கம் நின்று துணி மடிக்கிறவளைக் கேட்டால், நான் மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம், அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மீதி நீங்கள்தான்.

நீங்கள் வராவிட்டால் அவன் எழுதி வைத்ததுதான் நிற்கும். கவனமில்லாத பெண் என்ற பெயர் உங்களோடு போகட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவன் நாற்காலியும் அவனோடு அப்படியே இருக்கும். அவன் மேசை இழுப்பறையில் ஒரு புதுக் கம்பிச்சுருள் இருக்கிறது, நானே பார்த்தேன். விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கிறான்.

நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். அவன் வேலை போக வேண்டும். அவன் பெயர் கெட வேண்டும். எந்த மைக்கில் உங்களைக் கேவலமாகப் பேசினானோ அதே மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் தாராளமாக மன்னியுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அவன் கேட்ட பிறகு கொடுங்கள் அண்ணி, கேட்காதவனுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

இதை எழுதும்போது அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். வேலை போனாலும் பரவாயில்லை, புதன்கிழமை மத்தியானமே வண்டியோடு உங்கள் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்பேன் என்று எழுதச் சொன்னான். வேறு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வரும்போது கையில் துணி சுற்றிக்கொண்டு வராதீர்கள். நேராக அந்த அதிகாரியின் மேசைக்குப் போய், கையை விரித்து அவர் முன்னால் வையுங்கள். பேச வரவில்லை என்றால் பேசவே வேண்டாம். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். கட்டாயம் வந்துவிடுங்கள் அண்ணி.

இன்றைக்கு வரை பத்து விரலும் முழுசாக இருக்கிற,
உங்கள் நாத்தனார்