பிறந்தநாளுக்கு ஒரு லாரி மீன்

என் பிள்ளையாப் பொறந்த பெரிய மனுஷனுக்கு, உங்கப்பன் சொல்லச் சொல்ல உங்கம்மா எழுதுறது.

பரிசை வேண்டாங்கிற அப்பனை எங்கேயும் பார்த்ததில்லைன்னியா? இப்பப் பாத்துக்கோ. எண்பது வயசுக்காரனுக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுப்பாங்க. நீ ஒரு லாரி ஜிலேபி மீன்குஞ்சு வாங்கி, என் பேரைச் சொல்லி ஆத்துல விடுறேங்கிறே. உன் முதலாளி வேற வர்றாராம், போட்டோ புடிப்பாங்களாம். பல்செட்டை மாட்டிக்கிட்டு நான் சிரிக்கணுமாம்.

ஆத்துல மீனே இல்லை, அதான் விடுறேன்னு சொன்னே. இருக்குடா. நம்ம ஆத்து வளைவுல கல்லைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கிடக்கே கல்லொட்டி, அது என்ன எலியா? விரல் நீளம்கூட இல்லைன்னு நீ அதை மதிக்க மாட்டே. கணக்கெடுக்க வர்ற ஆராய்ச்சிப் பொண்ணு ஆறு முழுக்கத் தேடிடுச்சாம். நீ லாரியைக் கொட்டப் போற இந்த வளைவுல மட்டும்தான் மிச்சமாம்.

அது பேச்சை நம்பலைன்னா, மேல ஏரியில வலை போடுற உன் மாமனைக் கேளு. அங்கேயும் புண்ணியம்னுதான் ஜிலேபியை விட்டாங்க. பாசி, முட்டை, குஞ்சு ஒண்ணு விடாம வழிச்சுத் தின்னுடுச்சு. இப்ப வலையில வேற மீனே விழறதில்லை. பந்தியில உன்னை உக்கார வெச்ச கதைதான். உங்கம்மா இதை எழுத மாட்டேங்கிறா. எழுதுடி, அவன் கோவிச்சுக்க மாட்டான்.

முதலாளி முன்னாடி தலை குனியணுமேன்னு பயப்படுறே. தெரியுதுப்பா. பழியை என் மேல போடு. அப்பனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லு. வேணும்னா நான் வந்து ரெண்டு ஆட்டம் ஆடிக் காட்டுறேன். நேத்து கோவத்துல வெச்ச போனை நீ இன்னும் எடுக்கலை. அதான் மத்தியான பஸ் டிரைவர் கையில இதைக் கொடுத்து விடுறேன். சாயங்காலம் லாரி வர்றதுக்கு முன்னால—

இனிமே என் கோணல் எழுத்துதான். உங்க கேலி முடியறதுக்குள்ள லாரியே வந்துடும்னு சொல்லி, பேனாவை என் மடியில போட்டுட்டு உங்கம்மா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. எங்கேடின்னு கேட்டேன். அவங்க கொட்டுற இடத்துல தண்ணிக்குள்ள போய் நிக்கப் போறாளாம். கொட்டுறதா இருந்தா என் தலையில கொட்டட்டும்னு சொல்லிட்டா. திரும்பிக்கூடப் பாக்கலை.

தம்பி, இது கேலி இல்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. வளைவுல தண்ணி இழுக்கும். நான் கூப்பிட்டா அவ கரையேற மாட்டா, நீ கூப்பிட்டா ஏறுவா. நல்லா இருப்பே ராசா, லாரியைத் திருப்பி அனுப்பிட்டு நீ மட்டும் வா.

இதை டிரைவர்கிட்ட கொடுத்துட்டு அவ பின்னாலயே நொண்டிக்கிட்டுப் போற,
உங்கப்பன்