ஏழு பேர் இடைநின்றார்கள்

பிப்ரவரி 4

குலுக்கல் முடிந்தது. மாலை வகுப்பில் கணக்குப் படிக்க வந்திருக்கும் நாற்பது பேரை இரண்டாகப் பிரித்தாகிவிட்டது. எல்லாரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். ஜூனில் பள்ளி இறுதிக் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். முதல் பிரிவு எனக்கு. அங்கே வாய்ப்பாடெல்லாம் கிடையாது, நேராகப் பரீட்சைப் பாடம்தான். பின்னமோ தசமமோ, எது இடறுகிறதோ அதை அன்றைக்கே கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்வோம். இரண்டாம் பிரிவுக்குப் பழைய வழி: வாய்ப்பாட்டில் தொடங்கி ஊர்ந்து ஊர்ந்து போவது. அதை நடத்துபவர் நான் 'புன்னகை' என்று பெயர் வைத்திருக்கும் சக ஆசிரியர். கேட்ட கேள்வி புரியாவிட்டாலும் பல்லைக் காட்டுவார்.

என் பிரிவு முந்தினால் ஆய்வேடு முடியும். முதியோர் கல்வியில் முனைவர் பட்டம். பட்டம் இருந்தால்தான் ஆகஸ்டில் காலியாகும் மைய இயக்குநர் பதவி. இல்லையென்றால் அது புன்னகைக்கு. இதற்கு முன் இரண்டு முறை என் தலைக்கு மேலேயே ஆள் வைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் மூன்றாவது முறைக்குத் தெம்பில்லை.

என் வழிகாட்டியான அம்மையார் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் முதல் சம்பளம் வாங்கியபோது பள்ளிச் சீருடையில் இருந்திருப்பார். "நல்லா வந்திருக்கு சார்" என்கிறார் இன்று. மார்க் போடுகிற மாதிரி.

பிப்ரவரி 6

மைத்துனன் இரண்டாம் பிரிவில் விழுந்திருக்கிறான். குளிர்பதனக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். இந்தக் கணக்கு ஒன்று தேறினால் ஷிப்ட் சூப்பர்வைசர். தேறாவிட்டால், ஏற்கெனவே போன முதுகோடு அந்த வண்டியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

"உங்க கிளாஸுக்கு மாத்திவிடுங்களேன்" என்றாள் மனைவி.

"குலுக்கல்ல விழுந்தது. மாத்தினா ஆராய்ச்சியே போச்சு."

"சரி, வீட்ல வெச்சாவது சொல்லிக்குடுங்க."

"அதுவும் கூடாது. அவன் ஒப்பீட்டுக் குழு."

"அவன் என் தம்பிங்க" என்றாள். மீதியைத் தட்டை வைத்த சத்தத்தில் சொன்னாள்.

பிப்ரவரி 17

ஞாயிறு. மைத்துனன் வந்தான். கணக்கைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.

மார்ச் 22

இடைத்தேர்வு முடிவு. என் பிரிவின் சராசரி ஐம்பத்தெட்டு. புன்னகையின் பிரிவுக்கு ஐம்பத்தேழு.

ஐம்பத்தேழு! ஒன்றரை மாதம் வாய்ப்பாட்டில் ஊர்ந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது? விடைத்தாள்களைப் பார்த்தேன். என் வழிமுறைகள் அப்படியே இருக்கின்றன. நான் கோடு போடுகிற இடத்தில்கூடக் கோடு. புன்னகை என் பாடங்களைத் திருடுகிறார். வேறு என்னவாக இருக்கும்?

மார்ச் 25

ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

புன்னகை அப்போதும் சிரித்தார். "சார், நீங்க எழுதினத நான் படிச்சதே இல்ல. படிக்கச் சொன்னாலும் மாட்டேன். ரெண்டாவது பக்கத்துல தூங்கிடுவேன்."

அறையே சிரித்தது. தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் அம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிக்கட்டும். ஆகஸ்டில் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2

ஸ்கூட்டர் பழுது. வகுப்பு முடிந்து பஸ் ஏறினேன். பின் இருக்கைகளில் ஒரே கூட்டம், ஒரே சத்தம். நடுவில் என் வகுப்பின் முதல் வரிசை மாணவி, மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் படுக்கை மாற்றுகிறவர். மூடிய ஜன்னலில் படிந்திருந்த தூசியில் விரலால் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார். சுற்றி இரண்டாம் பிரிவு ஆட்கள் ஏழு பேர். அதில் என் மைத்துனனும்.

"எங்கே இடறுதோ அங்கேயே நில்லுங்க" என்றார். அது என் வாசகம். சொல்லிவிட்டு என்னைப் போலவே இரண்டு தரம் இருமினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவன் தற்செயலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அத்தான்! வாங்க, உக்காருங்க" என்று எழுந்தான் மைத்துனன்.

"எத்தனை நாளா நடக்குது?"

"மொத வாரத்துலேர்ந்து."

"நீ ஒப்பீட்டுக் குழுடா!"

"நீங்க சொல்லித்தர மாட்டேன்னீங்க. இவங்க மாட்டேன்னு சொல்லலயே."

அந்த அம்மாள் குறுக்கே விழுந்தார். "ஒரே பஸ்ஸு சார். முக்கா மணி நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு வேற என்னதான் பேசறது? புருஷனப் பத்தியெல்லாம் பேசி முடிச்சாச்சு."

நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.

இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே சுவர் கட்டினேன். பாடக்குறிப்பு வெளியே போகாமல் பூட்டிவைத்தேன். படிக்கிறவர்கள் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள் என்பது மட்டும் என் திட்டத்தில் எங்குமே இல்லை. முதியோர் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்கிறவன் நான்!

ஏப்ரல் 5

ஒப்பீட்டுக் குழு கலந்துபோனது என்று சொன்னால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இன்னும் ஒரு வருடம். ஆகஸ்ட் காத்திருக்காது. சொல்லாவிட்டாலும் ஐம்பத்தெட்டும் ஐம்பத்தேழும் எதையும் நிரூபிக்கவில்லை.

ஏப்ரல் 9

பஸ் ஆட்கள் ஏழு பேரையும் நீக்கிக் கணக்குப் போட்டேன். சும்மா, என்ன வருகிறது என்று பார்க்கத்தான். இரண்டாம் பிரிவின் சராசரி சரசரவென்று இறங்கியது. என் பிரிவு எங்கேயோ மேலே நிற்கிறது.

அவர்கள் கலக்காமல் இருந்திருந்தால் இதுதானே வந்திருக்கும்? அப்படியென்றால் இதுதானே உண்மை?

ஏப்ரல் 11

'இடைநின்றவர்கள்: ஏழு பேர்' என்று எழுதி, பதிவெண்களோடு அம்மையாருக்கு அனுப்பிவிட்டேன். முதியோர் வகுப்பில் ஆட்கள் நின்றுபோவது சகஜம். வேலை நேரம் மாறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏப்ரல் 24

யாரும் கேட்கவில்லை. "ரொம்பத் தெளிவான வித்தியாசம் சார். ஜூலைல வாய்மொழித் தேர்வு வெச்சிடலாம்" என்றார் அம்மையார். கை குலுக்கினார்.

மே 20

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. மைத்துனனுக்கு வரவில்லை.

போன் மேல் போன். "என் பேரே இல்லங்கறாங்க அத்தான். எங்க பஸ் ஆளுங்க ஏழு பேருக்குமே இல்ல. நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

"ஆபீஸ்ல ஏதோ தப்பு நடந்திருக்கும்" என்றேன். வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது.

மே 21

பரீட்சைப் பிரிவுக்குப் போனேன். எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை. "நின்னுபோனவங்களுக்கு எடம் பிடிச்சு வெக்கறதில்ல சார். மேடம் ஆபீஸ்லேர்ந்து வந்த நம்பர்தான் இது. அவங்களுக்கு நீங்க குடுத்ததாம்."

என் அத்தியாயத்துக்காக எழுதியதை அம்மையார் வழக்கம்போல இங்கேயும் அனுப்பியிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? வகுப்பில் இல்லாதவர்கள் என்று நான் எழுதினேன், இல்லாதவர்களாகவே ஆக்கிவிட்டார்கள்.

நாளை மாலையோடு பட்டியலில் திருத்தம் செய்யும் கெடு முடிகிறது. எண்களை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன் என்று சொல்லலாம். அப்போது, சரியான ஏழு எண்கள் எவை என்று அம்மையார் கேட்பார். எதைச் சொல்ல? வேறு எந்த ஏழு பேரை?

வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 22

காலையிலேயே அம்மையாரின் அறை வாசலில் நின்றேன். உள்ளே போய் உட்காராமலே சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், நீக்கியதைச் சொன்னேன், அதில் ஒருவன் என் மைத்துனன் என்பதையும் சொன்னேன்.

என்னைப் பார்க்காமல் முதலில் போனை எடுத்தார். பரீட்சைப் பிரிவு. ஏழு எண்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தார். "ஆமா, ஏழு பேரும் வகுப்புல இருக்காங்க. இன்னிக்கே போடுங்க." போனை வைத்தார்.

"இந்த ஆய்வு இனிமே நிக்காது சார். தெரியும்ல?"

"தெரியும்."

"குழுவுக்கு எழுதியாகணும். மறுபடி பதிவு பண்ண விடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"சரி."

"உக்காருங்க. தண்ணி குடிங்க."

திட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வெறுத்துக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனுஷி.

மே 23

வீட்டில் சொன்னேன். மைத்துனனையும் வரச்சொல்லி, இரண்டு பேரையும் உட்காரவைத்து.

அவன் ஒன்றுதான் கேட்டான். "நம்பர் எழுதறப்போ எது என்னுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

எழுந்து போய்விட்டான். மனைவி வாசல் வரை போய், அவன் போன திசையைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். உள்ளே வந்தும் என்னிடம் பேசவில்லை.

மே 31

இன்றும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கிறது.

ஜூன் 3

புன்னகைதான் அடுத்த இயக்குநர். ஆகஸ்ட் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, அறிவித்துவிட்டார்கள். இனிப்புப் பெட்டியோடு வந்தார். எனக்குச் சர்க்கரை வியாதி என்றேன். அப்படி ஒன்றும் கிடையாது. "அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தார். அவர் போனதும் குப்பைக்கூடையில் போட்டேன்.

நான் மாறிவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

ஜூன் 10

பரீட்சை. மேற்பார்வைக்கு என்னைப் போடவில்லை. போடவும் மாட்டார்கள். ஆனாலும் போய், பரீட்சை மையத்தின் கேட்டுக்கு எதிரே, வெயிலில் நின்றேன். ஏன் போனேன்? வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஆட்கள் ஒன்றாக வந்து இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கேட்டில் காவலாளி போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார். வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் இல்லை. மணி அடிக்கப் போகிறது. ஆளுக்கு ஒரு பக்கம் தவித்தார்கள்.

மைத்துனன் சாலையைக் கடந்து வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "பிடிங்க" என்று போனை நீட்டினான். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான்.

அவன் பின்னாலேயே படுக்கை மாற்றும் அம்மாள் வந்தார். "இதையும் வெச்சிக்கோங்க சார். கீழ போட்ராதீங்க, தவணை இன்னும் முடியல." பிறகு மற்றவர்கள். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் நிறைந்து, மீதியைக் கைக்குட்டையில் முடிந்து பிடித்துக்கொண்டேன்.

கேட்டை மூடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மைத்துனனின் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. எடுத்தேன்.

"டேய், உள்ள போகலையா நீ?" என்று பதறினாள் என் மனைவி.

"நான்தான். அவன் போயிட்டான்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நிழல்ல நில்லுங்க" என்றாள்.