வதக்கல் பரிமாறிய இலை

புரட்டாசி அமாவாசை, 1969

இலை எந்தப் பக்கம் மடித்திருந்தது என்று பங்கஜம் அக்காவிடம் நான் சொல்லவில்லை.

காக்களூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் சில நாளாக வீடு திரும்பவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தாள். "சமைச்சது போக இன்னா காய் கீது? குடும்மா. அவரு வந்துட்டாரு, பின்னால கால் கழுவிக்கினு இருக்காரு."

அரை வாழைக்காயும் நாலு கொத்தவரங்காயும் ஒரு பூசணிக் கீற்றும் மிஞ்சியிருந்தன. எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். எல்லாவற்றையும் ஒன்றாக நறுக்கி, கடுகும் மிளகாயும் தாளித்து நொடியில் வதக்கினாள். "அமாவாசைன்னு வெங்காயம் போடல. மொறைப்பாரு பாரேன்," என்று சிரித்தாள்.

இலை போட்டுச் சோறும் வதக்கலும் பரிமாறிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இருவரும் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். தரை ஈரமாக இருந்தது. ஆள் இல்லை.

நான்தான் முதலில் உள்ளே திரும்பினேன். சோறும் காயும் காலி. இலை சாப்பிட்டவர் பக்கம் மடியாமல் எதிர்ப்பக்கம் மடித்திருந்தது. சாவு வீட்டில்தான் அப்படி மடிப்போம். அவள் வருவதற்குள் சுருட்டி எறிந்துவிட்டேன்.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு அக்கா."

"சொல்லாம போற ஆளப் பாரு," என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

விளக்கு வைத்த பிறகு கடம்பத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தண்டவாளத்தோரம் ஓர் உடல் கிடந்ததாம்; அது அக்கா புருஷனுடையதுதான். முந்தாநாளே இறந்திருக்கிறார்.