வெள்ளிக்கிழமைப் புட்டு

என் பிரின்ஸிக் குட்டிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செல்லமாகக் கூப்பிடுவது பழக்க தோஷம்.

உன்னைப் பாறசாலைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நம் கழக்கூட்டம் ஊர் அப்படியேதான் இருக்கிறது. பைபாஸில் அதே நெரிசல், ஆபீஸில் உன் நாற்காலியில் ஒரு புதுப்பெண். டெங்கு என்று படுத்தவள் எழுந்து வந்துவிடுவாய் என்றுதான் நம்பியிருந்தேன். உனக்காக அழுது முடிப்பதற்குள் ரமணி சேச்சி வாயைத் திறந்துவிட்டாள்.

ஆபீஸ் கேட்டுக்குப் பின்னால் தட்டுக்கடை போட்டிருக்கிறாளே, அவள்தான். டீ குடிக்கப் போன என்னிடம், "பிரின்ஸி மோளு எவிடே? வெள்ளிக்கிழமை புட்டும் கடலையும் தின்னாம போகாதே அது" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ வேறொன்று உறுத்தியது. "வெள்ளிக்கிழமையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சேச்சி" என்றேன்.

"எல்லா வெள்ளியும்தான் மோளே. ஒரு வருஷமாயிட்டு."

வெள்ளிக்கிழமை நம் உபவாச நாள் அல்லவா, பிரின்ஸி? எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பண்ணிய பொருத்தனை அல்லவா? "நானும் கூடக் கிடக்கேன் எக்கா, ரெண்டுபேரு கேட்டா கர்த்தரு தட்டமாட்டாரு" என்று சொன்னது யார்? அல்சர் வந்து டாக்டர் நிறுத்தச் சொன்னபோதும் நான் நிறுத்தவில்லை. கூடப்பிறக்காத ஒருத்தி எனக்காகப் பட்டினி கிடக்கிறாள், நான் எப்படிச் சாப்பிடுவது என்று நினைத்தேன். நீ என்னடாவென்றால் மதியம் புட்டைப் பிசைந்து தின்றுவிட்டு, சாயங்காலம் என் காரில் உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்கிறாய். உபவாசம் முடிக்க எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளத்தை என்னோடு சேர்ந்து மெல்ல மெல்ல உறிஞ்சியுமிருக்கிறாய். என்ன நடிப்பு!

ஒரு நாள் காரில் நீ கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது. "எக்கா, தூரத்தில இருக்கவரத்தானே இப்பிடிக் கெஞ்சிக் கூப்பிடணும்? கூடவே இருக்கவருட்ட எதுக்கு இவ்ளோ பாடு?" என்றாய். "விசுவாசம் குறைஞ்சு போச்சா பிள்ளே?" என்றேன். நீ சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கே உடைத்துச் சொல்லியிருந்தால் என்ன? சண்டை போட்டிருப்பேன், கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே? என்னைத் தனியாகக் கிடக்க விட்டுவிட்டாயே.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் ரமணி சேச்சியிடம் போனேன், உன்னைப் பற்றி இன்னும் நாலு குறை கேட்டு வரலாமென்று. "ஜெபம் பண்ணாமலா தின்பா?" என்று கேட்டேன்.

"கண்ணு மூடாது. எதிரே ஆளிருக்கிற மாதிரி மெல்லப் பேசும். ஆதியம் கண்டப்போ எனக்குப் பயமாயிட்டு" என்றாள். "'எஸ்தரக்கா இன்னைக்கும் பட்டினி, கர்த்தாவே, அவளுக்கு வயிறு வலிக்குது, நீங்க பக்கத்துல இருக்கது அவளுக்குத் தெரியல்ல'ன்னு சொல்லும். எப்பவும் இதுதான்."

அழுதுவிட்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை. அவரிடம் சொன்னதை என்னிடம் சொல்லக்கூடாதா? நானும் பக்கத்தில்தானே இருந்தேன், அடுத்த சீட்டில்?

சேச்சி புட்டு கொண்டுவந்து வைத்தாள். கை நீளவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை சாப்பிடுவேன், சத்தியமாக. உன்னை மன்னித்துவிட்டதால் இல்லை. எனக்குப் பசிக்கிறது, பிரின்ஸி. இத்தனை நாளும் பசித்தது. நீ உட்கார்ந்த பெஞ்சிலேயே உட்காருவேன். குழந்தைக்காக அவரிடம் கெஞ்சமாட்டேன். முதலில் உன்னைப் பற்றித்தான் புகார் சொல்லப்போகிறேன். மெல்லத்தான் சொல்வேன். கத்திக் கூப்பிட வேண்டிய தூரத்தில் அவர் இல்லையாமே.

உன்மேல் கோபம் தீராத உன் அக்கா,
எஸ்தர்