இரண்டு நிஜம், ஒரு பொய்

நிலையம் 3, நிலாவின் தென்முனை
எழுதுவது: பூரணி, பராமரிப்புப் பொறியாளர்

நாள் 140. காலை 09:10

காற்றழுத்தம் சரி. பேட்டரி 91 சதவீதம். வடிகட்டி மாத்தினேன். முதுகு வலி.

தலைமையகத்துல இருந்து உத்தரவு வந்திருக்கு. நிலாவுல பத்து நிலையம், நிலையத்துக்கு ஒரு ஆள், யாரும் யாரையும் நேர்ல பார்த்ததில்லை. அதனால ஊழியர்களுக்குள்ள நெருக்கம் வளர வாரம் ஒரு விளையாட்டு வைக்கணுமாம். நடத்துறது நான். போன கூட்டத்துல வாயைத் திறந்தது நான்தானே, வேற யார் தலையில கட்டுவாங்க?

ஆட்டம் இதுதான். ஆளுக்கு மூணு வரி அனுப்பணும். ரெண்டு நிஜம், ஒண்ணு பொய். எது பொய்னு மத்தவங்க ஓட்டுப் போடணும். விடை அடுத்த வாரம் தானா திறக்கும். வேலை அலைவரிசைக்கு இடைஞ்சல் கூடாதுன்னு இதுக்குத் தனியா ஒரு குட்டிப் பெட்டி, தனி பேட்டரி. வாரத்துக்கு ஒரு தடவை, மூணே வரி. பொய் எதுன்னு குறிக்காம அனுப்பவும் முடியாது. நான் கேட்ட வடிகட்டி வர நாலு மாசம் ஆச்சு. இந்தப் பெட்டி மட்டும் முதல் கப்பல்லயே வந்து இறங்கிடுச்சு.

நாள் 205. காலை 10:20

பேட்டரி 88. பத்தாவது ஆட்டம். யாருக்குப் பூனை பிடிக்கும், யார் பத்தாவதுல ஃபெயிலுன்னு படிச்சுப் படிச்சுச் சலிச்சுப்போச்சு. இது வெட்டி வேலைன்னு எல்லாருக்கும் எழுதிட்டேன். ஒன்பது பேரும் கைதட்டி அனுப்பியிருந்தா மனசு ஆறியிருக்கும், எட்டுப் பேர்தான் அனுப்பினாங்க.

அந்த ஒன்பதாவது ஆள் ஏழாம் நிலையத்து ரெக்ஸ் அண்ணன். இதுவரை ஒரு வாரம்கூட ஆடினதில்லை. ஒரு தடவையாவது கலந்துக்குங்கன்னு கெஞ்சினேன். பதில்: "வேலை கிடக்கு தாயி."

நாளையிலிருந்து அவர் ஆண்டெனா மாத்துறார். ரெண்டு வாரம் ஏழாம் நிலையத்துல இருந்து சத்தம் இருக்காது, பதற வேண்டாம்னு தலைமையகம் சொல்லியிருக்கு.

நாள் 212. காலை 10:05

அதிசயம். ரெக்ஸ் அண்ணன் ஆடிட்டார்! அவரோட மூணு வரி:

"1. என் காற்று இயந்திரம் நின்னுடுச்சு.
2. பேச வேற வழி இல்லை.
3. எனக்கு நீச்சல் தெரியாது."

ஒன்பது பேரும் முதல் வரியைத்தான் பொய்னு தட்டினோம். காத்து நின்னவன் உக்காந்து விளையாடுவானா? கற்பனை பிரமாதம் அண்ணேன்னு ஓட்டோட சேர்த்து எழுதினேன். சந்தோஷமா இருந்துச்சு, அதையும் ஒத்துக்கறேன்.

நாள் 219. காலை 10:02

விடை திறந்துச்சு. பொய்: மூணாவது வரி.

அவரோட ஃபைலை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். தூத்துக்குடி. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம் கடல்ல சங்கு குளிச்சவர். அவருக்கு நீச்சல் தெரியாதுன்னா சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். பொய் எதுன்னு பளிச்சுனு தெரியட்டும்னுதான் அப்படி எழுதியிருக்கார். அவர் எந்த ஊர்னுகூட எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியலை. பதினோரு வாரமா நெருக்கம் வளர்த்திருக்கேன்.

நாள் 219. காலை 10:40

தலைமையகத்துக்கு உடனே சொன்னேன். அவங்க பதில்: "விளையாட்டில் கூறியதை அவசரச் செய்தியாகக் கருத இயலாது. ஆண்டெனா பணி முடியும்வரை பொறுத்திருக்கவும்."

இதுக்கு நடுவுல அவரோட இந்த வார வரிகள் வந்திருக்கு:

"1. ஏழு நாளைக்குக் காற்று இருக்கு.
2. யாரும் வர வேண்டாம்.
3. யார் மேலயும் கோபம் இல்லை."

விடைக்காக இன்னொரு வாரம் உக்காந்திருக்க முடியாது. பக்கத்துல இருக்கறது நான்தான். வண்டியில அஞ்சு நாள். போக மட்டும்தான் சார்ஜ் வரும், அங்கே போய் ஏத்திக்கலாம். வரவேண்டாம்ங்கறதுதான் பொய். உதவி கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், வேற எப்படிச் சொல்வார்?

நாலாம் நிலையத்து நசீமா கூப்பிட்டா. "அக்கா, நானும் பின்னாலயே வர்றேன். உங்களுக்கு ஒண்ணுன்னா என்ன செய்வீங்க?" என் தகவல் வர்ற வரைக்கும் அசையக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். சின்னப் பொண்ணு, சொன்னதைச் செய்யறவ.

கிளம்பறேன்.

நாள் 222. வண்டியில்

சார்ஜ் 41. நேத்திலிருந்து ரேடியோ எட்டலை. கண்ணு எரியுது, தூங்கலை.

அந்த ஒன்பது ஓட்டும் அவர் பெட்டித் திரையில வந்திருக்கும். கூடவே என் பாராட்டும்.

நாள் 224. மதியம் 13:30

சார்ஜ் 3. வந்து சேர்ந்தேன்.

உள்ளே இருட்டு. மின்சாரமே இல்லை, அதனாலதான் காற்று இயந்திரமும் நின்னிருக்கு. சுவர்ல அவர் தினமும் கோடு போட்டுக் காற்றைக் கணக்குப் பார்த்திருக்கார். கடைசிக் கோடு நாள் 220. பெட்டிக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்திருக்கார். உயிர் இல்லை. அவர் கண்ணை மூடிவிட்டேன்.

பெட்டித் திரை மட்டும் எரியுது. அவர் பொய்னு குறிச்சது முதல் வரியை. காற்று இருக்குன்னு சொன்னா யாரும் அவசரப்பட்டு ஓடிவர மாட்டாங்கன்னு நினைச்சிருக்கார். வந்தா வண்டிக்குச் சார்ஜ் ஏத்த வழியில்லைன்னு அவருக்குத் தெரியும். அப்போ வரவேண்டாம்னு சொன்னது நிஜம். கோபம் இல்லைன்னு சொன்னதும் நிஜம்.

ரொம்ப நேரம் அழுதேன். அண்ணே, கோபப்பட்டிருக்கலாம் நீங்க.

நாள் 226. காலை 09:50

சார்ஜ் 0. உடையில காற்று சாயங்காலம் வரைக்கும். தலைமையகத்துக் கப்பல் இன்னைக்கே கிளம்பினாலும் வர ஒரு மாசம்.

பத்து மணிக்கு ஆட்டம். நசீமா பெட்டி முன்னாடி உக்காந்திருப்பா. உள்ளது தெரிஞ்சா அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துடுவா. அவளுக்கு இங்கே வர ஏழு நாள். அவ வண்டியும் சார்ஜ் இல்லாம இந்த வாசல்லதான் நிக்கும்.

அண்ணன் பெட்டியிலிருந்து என் மூணு வரி:

"1. ரெக்ஸ் அண்ணன் நல்லா இருக்கார்.
2. எனக்குத் திரும்பி வரச் சார்ஜ் இருக்கு.
3. இந்த விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

பொய் எதுன்னு பெட்டி கேக்குது. மூணைக் குறிச்சேன்.

எல்லாரும் மூணைத்தான் தட்டுவாங்க. இது வெட்டி வேலைன்னு நான் புலம்பினது யாருக்குத் தெரியாது. அந்த அளவுக்கு என்னைத் தெரிஞ்சு வச்சிருக்காங்க.

அனுப்பியாச்சு.