கிறக்கம் என்றாள் பாண்டிமீனா

திண்டுக்கல்
4.2.2025

அன்பு மதிக்கு,

நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். என்மீது வந்த புகாரை விசாரித்து முடிக்கும்வரை பேசக்கூடாது என்று நம் பிசியோதெரபிஸ்ட் சங்கத் தலைவர் சொன்னாராம். எழுதக்கூடாது என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் பெண்கள் கபடியில் பாண்டிமீனா ரெய்டு போனபோது மடக்கிப் பிடித்தார்கள். பின்னந்தலை தரையில் அடித்தது. எழுந்து வந்தவள், "கிறக்கமா இருக்குக்கா" என்றாள். கோச் பழனிக்குமார், "காலைல சாப்புடாம வந்திருக்கும்" என்று குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து மறுபடி இறங்கச் சொன்னார். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். டீம் தோற்றது. அதற்குத்தான் புகார்.

பதினாறாம் தேதி வத்தலக்குண்டில் அவளை இறக்கப் போகிறார்கள். ஆறாத தலையில் இன்னோர் அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்று நாம் சேர்ந்துதானே படித்தோம். நான் சொன்னால், "டேப் சுத்துற பிள்ளைக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். நீ செயலாளர். அவளை இறக்கக்கூடாது என்று சங்கத்தின் பெயரில் ஒரு வரி எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
இஃப்பத்

ரெட்டியார்சத்திரம்
7.2.2025

என் அன்பு இஃப்பத்,

உனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். பசிக் கிறக்கத்துக்கும் வெயில் கிறக்கத்துக்கும் நம் ஊரில் மேட்சையா நிறுத்துவார்கள்? விளையாட்டுக் காயம் பார்க்கப் படித்தவர்கள் என்று நம்மை இப்போதுதான் மைதானத்துக்குக் கூப்பிடவே ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் சங்கம் தடை போட்டால் நம் ஆட்களில் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள்.

வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடு. உன் உறுப்பினர் பதவி போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். வத்தலக்குண்டுக்கு நானே வந்து அந்தப் பிள்ளையைப் பார்க்கிறேன், போதுமா?

உன்
மதி

திண்டுக்கல்
11.2.2025

மதி,

பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேண்டாம்.

நேற்று பாண்டிமீனா வீட்டுக்குப் போனேன். "லைட்டப் பாத்தாக் கண்ணு கூசுதுக்கா, குனிஞ்சா வாந்தி வருது" என்கிறாள். இது பசியா? ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் அப்பா கருப்புசாமி அண்ணன், "நல்லாருக்குற பிள்ளையப் பயங்காட்டாதீகம்மா" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

எனக்குத் தூக்கமில்லை. தொழுகையில்கூட அவள் முகம்தான் வருகிறது. என்னை வத்தலக்குண்டு மைதானத்துக்குள் விடமாட்டார்கள். நீ அவளைப் பார்க்கும்போது கிறக்கமா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதே. ஒற்றைக் காலில் நிற்கச் சொல், கண்ணைப் பார். உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

இஃப்பத்

மதுரை
18.2.2025

இஃப்பத்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. "கிறக்கமா இருக்கா?" என்றுதான் நான் கேட்டேன். "இல்லக்கா, இன்னைக்கு வயிறு நெறையத் தின்னுட்டுத்தான் வந்தேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ரெய்டில் விழுந்தவள் எழவில்லை. கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு மதுரைவரை ஆம்புலன்ஸில் வந்தேன். மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

நேற்று சங்கம் கூடி உன்மீதான புகாரைத் தள்ளிவிட்டது. நீ உறுப்பினராகவே இருக்கிறாய். திட்டியாவது எழுது இஃப்பத்.

மதி

மதுரை
2.3.2025

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கத்தின் தீர்மானம் கிடைத்தது. என் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாண்டிமீனா கண் திறந்துவிட்டாள். வலது கையும் காலும் வரவில்லை. அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. பகலில் நான் உடனிருக்கிறேன்.

நீங்கள் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். வார்டுக்கு வருகிற எல்லோரிடமும் கருப்புசாமி அண்ணன் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார். "அந்த மதிப் பொண்ணு மட்டும் இல்லாட்டி எம்மகள உசுரோட பாத்திருக்க மாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். நேரில் வந்தால் உங்கள் காலில் விழப்போவார்.

அவர் விழுவதற்குள் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஷா. இஃப்பத்